பிஸ்கற் தவிர வேறொன்றையும் தொடாத கடுவன்

கேள்வி:

கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். எங்களிடம் ஐந்து வயதுக் கடுவன் பூனை ஒன்று இருக்கிறது. கருத்தடை செய்தது, வெளியே போகாது, நிறை 5.6 கிலோ. குட்டியாக வந்த நாளில் இருந்து பிஸ்கற் உணவு மட்டும்தான். கிண்ணம் நாள் முழுக்க நிறைந்தே இருக்கும். போன மாதம் சலம் போகக் கஷ்டப்பட்டு, இரத்தம் கலந்து சொட்டுச் சொட்டாகப் போனது. மருந்தில் சுகமாகிவிட்டது. சலத்தில் பளிங்குகள் இருக்கின்றன, ஈர உணவுக்கு மாற்றுங்கள் என்று மிருக வைத்தியர் சொன்னார். பவுச் வாங்கிப் பிஸ்கற்றோடு கலந்து வைத்தேன். மணந்து பார்த்துவிட்டு, மண் தள்ளி மூடுவது போல நிலத்தைச் சுரண்டிவிட்டுப் போய்விட்டது. அதன் பிறகு வெறும் பிஸ்கற்றையும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது. "பசிச்சால் தன்ர பாட்டில தின்னும், விடு" என்று மாமி சொன்னதால் இரண்டு நாள் வேறொன்றும் வைக்கவில்லை. அது தண்ணீரை மட்டும் நக்கிக்கொண்டு கிடந்தது. பயந்துபோய்ப் பழையபடி பிஸ்கற்றையே வைத்துவிட்டேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கல் அதிகம், அதனால் வந்த வருத்தமா இது? பவுச்சுக்குப் பதிலாக மீன் அவித்துக் கொடுத்தால் போதாதா? வெள்ளிக்கிழமையும் விரத நாட்களிலும் வீட்டில் மீன் சமைப்பதில்லை.

பதில்:

அந்த இரண்டு நாள் பட்டினியில் இருந்து தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் பயப்பட வேண்டிய இடம் அதுதான். பசித்தால் எதையும் தின்னும் என்பது நாய்க்குப் பெரும்பாலும் சரி, பூனைக்குச் சரிவராது. தீன் வராதபோது பூனையின் உடம்பு தன் கொழுப்பைக் கரைத்து ஈரலுக்கு அனுப்பும். அந்த வேகத்துக்கு ஈரலால் ஈடுகொடுக்க முடியாமல் கொழுப்பு அங்கேயே தேங்கிவிடும். பருத்த பூனையில் இரண்டு மூன்று நாள் பட்டினியே இதைத் தொடக்கிவிடக்கூடும். ஈரலில் கொழுப்பு ஏறிய பூனைக்குப் பசியே எடுக்காது. அதன் பிறகு பட்டினி போட்டு என்ன பயன்? குழாய் வைத்து வாரக்கணக்கில் உணவேற்றித்தான் காப்பாற்ற வேண்டிவரும். சாதாரண வீட்டுப் பூனைக்கு 4 முதல் 5 கிலோ போதும், உங்களுடையது 5.6 கிலோ. ஆகவே இன்றைக்கே பகல் வெளிச்சத்தில் காதின் உட்புறம், முரசு, கண்ணின் வெள்ளை மூன்றையும் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் இந்தப் பதிலை மேலே வாசிக்க வேண்டாம், வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

மாற்றம் முடியும்வரை ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்தில் வழக்கமான அளவில் பாதியாவது உள்ளே போகாவிட்டால், பேசாமல் பழைய பிஸ்கற்றைக் கொடுங்கள். பழைய பிஸ்கற்றையும் தொடவில்லை என்றால் அது அடம் இல்லை, வருத்தம். அன்றைக்கே காட்டுங்கள்.

ஈர உணவு ஏன் என்பதற்கு எண்களே பதில் சொல்லும். வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. அது தின்ற எலியிலும் குருவியிலும் முக்கால்வாசி தண்ணீர்தான். அதனால் பூனைக்குத் தாகம் குறைவு. சிறுநீரகமும் சலத்தை நன்றாக இறுக்கித்தான் வெளியே விடும். பிஸ்கற்றில் தண்ணீர் நூற்றுக்கு 10 வீதத்துக்கும் குறைவு. பவுச்சில் 80 வீதத்துக்குக் கிட்ட. உங்கள் பூனையின் நிறை ஏறத்தாழ 4.8 கிலோவாக இருக்க வேண்டும் என்று வைத்தால், நாளுக்கு 230 கலோரி அளவில் போதும். அதைப் பிஸ்கற்றாகக் கொடுத்தால் 60 கிராம் வரும், அதில் தண்ணீர் 5 மில்லிலீற்றர் மட்டும். அதே கலோரியை 85 கிராம் பவுச்சாகக் கொடுத்தால் மூன்றேகால் பவுச் வரும், அதில் தண்ணீர் 220 மில்லிலீற்றர். பிஸ்கற் தின்னும் பூனை கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும் என்பது உண்மைதான், ஆனால் இந்த இடைவெளி முழுவதையும் குடித்து நிரப்புவதில்லை. சலம் நீர்த்துப் போனால் பளிங்கு சேர்வது குறையும், சலப்பையும் அடிக்கடி கழுவுப்படும். பவுச்சின் கலோரி கொம்பனிக்குக் கொம்பனி மாறும் என்பதால், வாங்கியதன் பின்பக்கத்தைப் பார்த்து உங்கள் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள்.

கிணற்றுத் தண்ணீரைப் பற்றி இங்கே எல்லோரும்தான் கேட்கிறார்கள். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. மழைநீர் அதற்குள்ளால் இறங்கிக் கிணற்றுக்கு வரும்போது கல்சியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படை அதுதான். ஆனால் பூனையின் சலத்தில் பளிங்கு வருவதற்கு முதற்காரணம் சலம் இறுகிப்போவதும், உணவில் உள்ள கனிமங்களும், சலத்தின் புளிப்புக் காரத் தன்மையும்தான். கிணற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் பிஸ்கற்றைத் தொடர்ந்தால் ஒன்றும் மாறாது. உவர்த் தண்ணீரைச் சில பூனைகள் குறைவாகத்தான் குடிக்கும், அந்த ஒரு காரணத்துக்காக நீங்கள் குடிக்கும் வடித்த தண்ணீரையே அதற்கும் வையுங்கள். அகன்ற பீங்கான் பாத்திரம் இரண்டை, உணவுத் தட்டில் இருந்து தள்ளி, வீட்டின் இரண்டு மூலைகளில் வைப்பது நல்லது.

அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். முதலாவது, என்ன பளிங்கு? மக்னீசியமும் பொஸ்பேற்றும் சேர்ந்த ஸ்ட்ரூவைற் என்றால் அதைக் கரைப்பதற்கென்றே உணவுகள் உண்டு. கல்சியம் ஒக்சலேற் என்றால் உணவால் கரையாது, புதிதாகச் சேராமல் பார்ப்பதுதான் வேலை. இரண்டாவது, மருத்துவ உணவு எழுதித் தந்தாரா, அல்லது கடைப் பவுச் போதுமா? மருத்துவ உணவு என்றால் அதே வகையின் ஈர உணவுக்குத்தான் மாற வேண்டும், இடையில் வேறு மீனோ பவுச்சோ சேர்த்தால் அது வேலை செய்யாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரத்தத்தோடு சொட்டுச் சொட்டாகச் சலம் போகும் பூனைகளில் பலவற்றுக்குக் கல்லும் இராது, கிருமியும் இராது. மன அழுத்தத்தால் சலப்பை புண்ணாகும் வருத்தம் அது. உங்களுடையதும் அந்த வகையாக இருந்தால், அவசரப்பட்டு உணவை மாற்றுவதும் பட்டினி போடுவதுமே வருத்தத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். நான் கீழே சொல்லும் முறை இவ்வளவு ஆறுதலாகப் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நீங்கள் விட்ட பிழை, பலரும் விடுகிற பிழைதான். பூனை உணவை முதலில் மணத்தால் அறியும், பிறகு வாயில் படும் பதத்தால். குட்டிப் பருவத்தில் தின்ற பதம் எதுவோ அதையே உணவு என்று மனதில் பதித்துக்கொள்ளும். ஐந்து வருடம் மொறுமொறுப்பை மட்டும் தின்ற கடுவனுக்கு, குழைவான ஒன்று உணவாகவே தெரியாது. அதைக் கொண்டுபோய் நம்பிக்கையான பிஸ்கற்றுக்குள் கலந்தால், அதன் கணக்கில் நல்ல உணவு கெட்டுப்போய்விட்டது. பிஸ்கற்றையும் சந்தேகிப்பது அதனால்தான். நிலத்தைச் சுரண்டுவதை அவமதிப்பாக எடுக்காதீர்கள், வேண்டாத தீனை மூடி வைக்கும் பழக்கம் அது. இப்போதைக்குக் கலப்பதை நிறுத்தி, ஒரு வாரம் வெறும் பிஸ்கற் மட்டும் கொடுத்து அந்த நம்பிக்கையை மீட்டெடுங்கள். மருந்துக் குளிசை ஏதும் மிச்சம் இருந்தால் அதைப் புதிய உணவுக்குள் ஒளித்துக் கொடுக்கவே வேண்டாம். ஒரு தடவை கசந்தால் அந்த மணத்தையே பூனை மாதக்கணக்கில் ஒதுக்கிவிடும்.

அந்த வாரத்தில் மாற்ற வேண்டியது நேரத்தை மட்டும். கிண்ணம் நாள் முழுக்க நிறைந்திருக்கும் பூனைக்குப் பசி என்ற ஒன்றே வராது, பசி இல்லாத பூனை புதியதைத் தொடாது. 60 கிராமைச் சமையலறைத் தராசில் நிறுத்து மூன்றாகப் பிரியுங்கள். காலை ஆறு மணிக்கு 20, மத்தியானம் 20, இரவு எட்டு மணிக்கு 20. ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் வைத்துவிட்டு எடுத்துவிடுங்கள். முதல் இரண்டு நாள் கொறித்துவிட்டுப் போய், பிறகு வந்து கத்தும். மிஞ்சியதை அடுத்த வேளையோடு சேர்த்துக் கொடுங்கள், இடையில் ஒரு பிடி போட்டுவிடாதீர்கள். வீட்டில் யாராவது ஒருவர் இரக்கப்பட்டு இரகசியமாகப் போடுவார், அது எல்லா வீட்டிலும் நடப்பது. அதனால் அன்றைய 60 கிராமைக் காலையிலேயே ஒரு போத்தலில் போட்டு வையுங்கள். போத்தல் முடிந்தால் அன்றைக்குத் தீன் முடிந்தது. ஒரு வாரம், பத்து நாளில் நேரத்துக்கு வந்து தட்டடியில் நிற்கத் தொடங்கும். அது நடக்கும்வரை பவுச்சைத் திறக்கவே வேண்டாம்.

நிறை பார்ப்பதையும் இப்போதே தொடங்குங்கள். மனிதர் ஏறும் தராசில் 100 கிராம் வித்தியாசம் பிடிபடாது. பயணப் பை நிறுக்கும் தொங்கு தராசில் பூனையைக் கூடையோடு தொங்கவிட்டு, வெறும் கூடையின் நிறையைக் கழித்தால் சரியாக வரும். வாரம் ஒரு நாள், காலைத் தீனுக்கு முன். இந்தப் பூனை வாரத்துக்கு 50 கிராம் குறைந்தால் நல்லது. 110 கிராமுக்கு மேல் குறைந்தால் வேகம் கூடிவிட்டது, ஒரு படி பின்னால் போங்கள்.

இனிப் பவுச். கடையில் ஒரே வகையில் பத்து வாங்காதீர்கள். குழம்பில் துண்டுகள், ஜெலியில் துண்டுகள், அரைத்த களி என்று மூன்று பதத்திலும் ஒவ்வொன்று வாங்குங்கள். பிஸ்கற் என்ன சுவையோ, மீனோ கோழியோ, அதே சுவையில் இருந்து தொடங்குங்கள். பின்பக்கத்தில் அது முழுமையான உணவா, துணை உணவா என்று எழுதியிருக்கும். சூரை மீனைக் கண்ணுக்குத் தெரியும்படி துண்டு துண்டாகப் போட்ட சின்ன ரின்களில் பல துணை உணவுதான். பூனைக்குப் பிடிக்கும், ஆனால் அதை மட்டும் கொடுத்து வளர்க்க முடியாது.

முதல் படியில் புதியது வேறு தட்டில். ஆழக் கிண்ணம் வேண்டாம், தட்டையான சின்னப் பீங்கான் போதும். ஒரு தேக்கரண்டி அளவை அதில் பரப்பி, பிஸ்கற் தட்டில் இருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். தின்ன வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், அந்த மணம் இருக்கிற இடத்தில் நின்று பிஸ்கற் தின்றால் போதும். நாளுக்கு இரண்டு விரற்கடை அளவு கிட்டக் கொண்டுவந்து, இரண்டு தட்டும் ஒட்டி நிற்கும்வரை போங்கள். பவுச் உணவு பூனையின் உடற்சூட்டுக்குக் கிட்ட, அதாவது 37, 38 பாகையில் இருக்க வேண்டும். பிறிட்ஜில் இருந்து எடுத்த குளிர்ந்த களிக்கு மணமே இல்லை, மணம் இல்லாததைப் பூனை உணவென்று எண்ணாது. வேண்டிய அளவைச் சின்னப் பேணியில் எடுத்து, அந்தப் பேணியைச் சுடுதண்ணிக்குள் மூன்று நாலு நிமிடம் வையுங்கள். குழந்தைப் பால் பார்ப்பது போல மணிக்கட்டில் தொட்டுப் பார்த்துக் கொடுங்கள். மைக்ரோவேவ் ஓரிடத்தில் கொதிக்கும், ஓரிடத்தில் குளிர்ந்திருக்கும். நாக்கு சுட்டால் போட்ட உழைப்பெல்லாம் வீண்.

இரண்டு தட்டும் ஒட்டி நின்றும் பூனை அமைதியாகத் தின்றால் இரண்டாம் படி. பிஸ்கற்றை உரலிலோ கிறைண்டரிலோ போட்டுத் தூளாக்குங்கள். ஒரு தேக்கரண்டி ஈர உணவின் மேல், அது கண்ணுக்குத் தெரியாதபடி இந்தத் தூளைப் போர்த்துங்கள். பூனைக்கு இப்போது மேலே இருப்பது தெரிந்த மணம். தூளை நக்கும்போது கீழே இருப்பது நாக்கில் படும், பெரும்பாலான பூனைகள் இங்கேதான் மசிகின்றன. ஒரு தேக்கரண்டியை முழுதாக மூன்று நாள் தொடர்ந்து தின்றால் இரண்டு தேக்கரண்டி. ஒவ்வொரு தேக்கரண்டி கூட்டும்போதும் அன்றைய பிஸ்கற்றில் ஒரு கிராம் குறையுங்கள். நாலைந்து தேக்கரண்டிக்கு வந்த பிறகு தூளை மெல்ல மெல்ல ஐதாக்குங்கள். மறுத்தால் முதல் நாள் அளவுக்குத் திரும்புங்கள், அதில் தோல்வி ஒன்றும் இல்லை.

தூளுக்கும் மசியாத பூனைக்கு மாசித் தூள். இதற்கு யாழ்ப்பாணத்தில் பஞ்சமில்லை, சம்பலுக்கு இடிக்கிற அதே மாசிதான். இரண்டு விரலால் எடுக்கிற ஒரு சிட்டிகையை மேலே தூவுங்கள். உப்பும் சேர்ந்தது என்பதால் நாளுக்கு ஒரு சிட்டிகையோடு நிறுத்த வேண்டும். நெத்தலிக் கருவாட்டுத் தூள் வேண்டவே வேண்டாம், அதில் உப்பு மிக அதிகம். உப்பில்லாமல் மீன் அவித்த தண்ணியில் ஒரு மேசைக்கரண்டி விடுவது இன்னும் நல்லது, மணமும் கிடைக்கும், தண்ணீரும் சேரும். சில கடுவன்கள் இதை வெறும் பிஸ்கற்றின் மேல் விட்டாலே தின்னும். அப்படியானால் ஈர உணவு பழகும்வரை 20 கிராம் பிஸ்கற்றுக்கு இரண்டு மேசைக்கரண்டி விட்டுக் கொடுங்கள். ஆனால் ஊறிய பிஸ்கற் எங்கள் வெக்கையில் விரைவாகப் புளிக்கும், அரை மணியில் எடுத்துவிட வேண்டும்.

குழம்பை மட்டும் நக்கிவிட்டுத் துண்டுகளை விடும் பூனையும் உண்டு. முள்ளுக்கரண்டியால் மசித்து, ஒரு தேக்கரண்டி சுடுதண்ணி விட்டுக் கலந்தால் அது தீரும். வயிற்றால் போனால் கூட்டுவதை நிறுத்தி அதே அளவில் நாலு நாள் நில்லுங்கள். வாயில் வைத்துவிட்டுத் தலையை உதறினால், ஒரு பக்கத்தால் மட்டும் சப்பினால், எச்சில் வழிந்தால் பல்லையும் முரசையும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். வலிக்கிற வாய்க்கு எந்தப் பவுச்சும் ருசிக்காது.

எங்கள் காலநிலைக்கென்று சில சொல்ல வேண்டும். உச்சி வெயிலில் பூனைக்குப் பசி குறைவு, உணவும் சீக்கிரம் கெடும். ஈர உணவை விடியக் காலையிலும் பொழுதுபட்ட பின்னும் கொடுத்து, மத்தியானத்துக்குப் பிஸ்கற்றையே வைத்துக்கொள்ளுங்கள். தட்டில் போட்டதை அரை மணிக்கு மேல் விடாதீர்கள். திறந்த பவுச்சைப் பவுச்சோடே வைக்காமல் மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றிப் பிறிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம். இடையில் கரண்ட் நின்று நாலு மணி நேரத்துக்கு மேல் போனால் எறிந்துவிடுங்கள். பெரிய ரின் வாங்குகிறவர்கள், திறந்த உடனே ஐஸ்கட்டித் தட்டுக் குழிகளில் நிரப்பி உறைய வைத்தால், வேளைக்கு இரண்டு குழி என்று எடுத்துச் சூடாக்கலாம்.

அடுத்தது எறும்பு. எறும்பு மொய்த்த தட்டைப் பூனை ஒரு தடவை மணந்து மூக்கில் கடி வாங்கினால், அந்த இடத்துக்கே வராது. அகன்ற தட்டில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் உணவுத் தட்டை வையுங்கள். எறும்புச் சோக்கால் சுற்றிக் கோடு மட்டும் போடாதீர்கள். அதில் இருப்பது பைரத்திராய்டு வகை நஞ்சு. மனிதரும் நாயும் தாங்கும் அளவைப் பூனையின் ஈரல் தாங்காது, காலில் பட்டதை நக்கினாலே நடுக்கமும் வலிப்பும் வரலாம்.

மீன் அவித்துக் கொடுத்தால் போதாதா என்ற கேள்விக்குப் பதில், போதாது. முள் நீக்கிய மீனில் கல்சியம் மிகக் குறைவு. சூடை போன்ற எண்ணெய் மீனை நாளாந்தம் கொடுத்தால் உடம்பில் விற்றமின் ஈ தீர்ந்து, தோலின் கீழ்க் கொழுப்பு அழற்சி கண்டு, தொட்டாலே பூனை கத்தும். சில மீன்களைப் பச்சையாகக் கொடுத்தால் அவற்றில் உள்ள நொதி விற்றமின் பி1ஐ அழித்துவிடும். கழுத்து முன்னால் மடிந்து தள்ளாடி வலிப்பு வருவது அதனால்தான். அவித்தால் அந்த நொதி செத்துவிடும், ஆகவே பச்சை மீன் வேண்டாம். சூரையும் கும்பிளாவும் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்ரமின் கூடும், அது அவித்தாலும் போகாது. "பூனைக்குத்தானே" என்று மத்தியானம் கழித்து மலிவாக வாங்கும் மீனில் உள்ள ஆபத்து இதுதான். பூனைக்கு அவசியமான ரோரின் என்ற சத்து அவிக்கும்போது தண்ணீருக்குள் இறங்கிவிடும். அது போதாவிட்டால் பூனைக்குக் கண் கெடும் என்று 1975இலும், இதயத் தசை தளரும் என்று 1987இலும் கண்டறிந்தார்கள். கடை உணவில் அதைக் கவனித்துச் சேர்ப்பதற்கு அந்தக் கண்டுபிடிப்புகளே காரணம்.

ஆசைக்குக் கொடுப்பதானால் விளை, பாரை, ஒட்டி போன்ற வெள்ளைச் சதை மீனில் 20 கிராம், முள் எடுத்து, நாளுக்கு ஒரு தடவை. அன்றைய கலோரியில் பத்தில் ஒன்றுக்குள் அது அடங்கும். அவிக்கும்போது உப்பு, மஞ்சள், மிளகாய், புளி ஒன்றும் சேர்க்கக் கூடாது. வெங்காயமும் உள்ளியும் பூனையின் சிவப்பு இரத்த அணுக்களை உடைக்கும். குழம்பில் கிடந்த மீனைக் கழுவிக் கொடுத்தாலும் சாறு உள்ளே ஊறியிருக்கும். கடை ரின் மீன் உப்புத் தண்ணியில் போட்டது, மாற்று உணவாக அதை எண்ண வேண்டாம்.

விரத நாட்களுக்குப் பவுச்சே வசதி. அது சமைத்து அடைத்து வந்தது, அடுப்பில் ஏற்ற வேண்டியதில்லை. பூனைக்கென்று ஒரு பேணி, ஒரு கரண்டி, ஒரு தட்டு ஒதுக்கி, பின் விறாந்தையில் சுடுதண்ணி வைத்துச் சூடாக்கினால் மாமிக்கும் மறுப்பு இராது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் சைவம் சமைக்கும் வீடுகளில் பூனைக்குத் தயிர்ச் சோறு போடுவதைப் பார்க்கலாம். பூனை பிறவியிலேயே இறைச்சி தின்னி, சோற்றில் அதற்கு வேண்டியது ஒன்றும் இல்லை, வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலும் வயிற்றால் போகும். திருவிழாக் காலத்தில் வீட்டுக்கு ஆட்கள் வந்துபோவார்கள் என்பதால் அந்த நாட்களில் புதிய படி ஏறாமல், இருக்கிற படியிலேயே நில்லுங்கள்.

எவ்வளவு காலம் எடுக்கும்? சில பூனைகள் மூன்று வாரத்தில் மாறும். உங்களுடையதைப் போன்ற ஐந்து வருடப் பிஸ்கற் பூனைக்கு இரண்டு மூன்று மாதம் என்று நினைத்துத் தொடங்குங்கள். பலன் தெரிவது மணல் தட்டில். முன்பு ஒன்றிரண்டாக இருந்த சலக் கட்டிகள் மூன்று நாலாகும், பெரிதாகும், மணமும் நிறமும் குறையும். மலம் குறையும், அது மலச்சிக்கல் இல்லை. தண்ணீர்ப் பாத்திரம் அப்படியே கிடப்பதைப் பார்த்தும் பயப்படாதீர்கள், தண்ணீர் இப்போது தட்டில் இருந்து போகிறது.

நாளுக்கு மூன்று பவுச் என்றால் மாதக் கணக்கு பெரிது. முழுதாக மாற முடியாதவர்கள் பாதியில் நிற்பதை நான் குறையாக நினைக்கவில்லை. 30 கிராம் பிஸ்கற்றும் ஒன்றரைப் பவுச்சும், பவுச்சில் வேளைக்கு ஒரு மேசைக்கரண்டி சுடுதண்ணி கூடுதலாகவும் கொடுத்தால், நாளுக்கு 130 மில்லிலீற்றருக்குக் கிட்டத் தண்ணீர் உணவோடேயே உள்ளே போகும். பழைய 5 மில்லிலீற்றரோடு ஒப்பிட்டால் அதுவே பெரிய மாற்றம். வைத்தியர் மருத்துவ உணவு எழுதியிருந்தால் மட்டும் இந்தப் பாதிக் கணக்கை அவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் மறக்கக் கூடாத ஒன்று, இது கடுவன். பெட்டைப் பூனையைவிடக் கடுவனின் சலக்குழாய் மிக ஒடுக்கம், ஒருதடவை வந்தது திரும்ப வரும்போது முழுதாக அடைக்கலாம். மணல் தட்டில் போய்ப் போய்க் குந்தி ஒன்றும் வராமல் எழும்புவது, கத்துவது, பின்பக்கத்தை ஓயாமல் நக்குவது, பிறகு சத்தியெடுத்துச் சோர்ந்து படுப்பது, இவைதான் அடையாளங்கள். மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் கொடுத்து ஒரு நாளைப் போக்குகிறவர்கள் உண்டு. அடைத்த பூனை ஒன்றிரண்டு நாளிலேயே செத்துவிடலாம். வயிற்றின் பின்பாதியில் தேசிக்காய் போலக் கட்டியாகத் தெரிந்தால் அமத்திப் பார்க்காதீர்கள், சலப்பை வெடிக்கலாம். சூடு என்று சொல்லி இளநீர் பருக்காதீர்கள். அடைப்பில் இரத்தத்தில் பொற்றாசியம் ஏறித்தான் இதயம் நிற்கிறது, இளநீரில் நிறைந்திருப்பதும் அதே பொற்றாசியம். பார்லித் தண்ணியும் நீர்முள்ளிக் குடிநீரும் போக வழியில்லாத சலத்தைக் கூட்டத்தான் செய்யும். வலிக்கென்று பனடோல் கொடுத்தால், அடைப்புக் கொல்லுமுன் அது கொன்றுவிடும், பூனைக்கு அரைக் குளிசையே நஞ்சு. இரவென்றாலும் ஞாயிறென்றாலும் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். உங்கள் வைத்தியரின் இலக்கத்தையும், இரவில் பார்க்கக்கூடிய இன்னொருவரின் இலக்கத்தையும் இன்றைக்கே எழுதிப் பிறிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.

மாறி முடிந்த பிறகும் ஒரே கொம்பனியின் ஒரே சுவையில் நின்றுவிடாதீர்கள். கப்பல் பிந்தினாலோ கடையில் முடிந்தாலோ திரும்பவும் முதற்படிக்கு வந்துவிடுவீர்கள். பூனை விரும்பித் தின்னும் பதத்திலேயே இரண்டு கொம்பனியைப் பழக்கி, வாரத்தில் ஐந்து நாள் ஒன்று, இரண்டு நாள் மற்றது என்று மாறி மாறிக் கொடுங்கள். அலுமாரியில் பத்து நாளுக்கான பவுச் எப்போதும் இருக்கட்டும், ஒரு சின்னப் பை பிஸ்கற்றும் கூட.